கரோல் கேட்கக் கடல் கடந்த கதை

பிலிமத்தலாவை என்றால், கொழும்பு–கண்டி வீதியில் பஸ்ஸில் போகிறவர்களுக்குப் பித்தளைக் கடைகள். ஆளுயரக் குத்துவிளக்குகள் வீதியோரம் அணிவகுத்து நின்று, பேரம் பேசத் தெரியாத சுற்றுலாப் பயணிக்காகக் காத்திருக்கும். கடுகண்ணாவை ஏற்றத்தில் இழுத்துப் பறித்துக்கொண்டு வரும் ரயிலுக்கு அது ஒரு சின்ன ஸ்டேஷன். போதகராகப் படிக்க வருகிறவர்களுக்கு, 1963இல் தொடங்கிய இலங்கை இறையியல் கல்லூரி. சரித்திர வாத்தியாருக்கு மட்டும் அது ஓர் ஆள். ஊரின் பெயரையே தன் பெயராகச் சூடிக்கொண்டு, கண்டி ராச்சியத்தில் முதலமைச்சராக இருந்த பிலிமத்தலாவை அதிகாரம்.

1798இல் ராஜாதி ராஜசிங்கன் வாரிசில்லாமல் கண்ணை மூடினான். வீட்டில் பால் முடிந்தால் நாம் கடைக்கு ஆள் அனுப்புவதுபோல, அதிகாரம் சிம்மாசனத்துக்கு ஆள் தேடினார். மதுரை நாயக்கர் வழியில் வந்த கண்ணுசாமி என்ற பதினெட்டு வயதுப் பையன் அகப்பட்டான். அவனுக்கு ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன் என்று பெயர் வைத்து உட்கார வைத்தார். பொம்மை உட்காரும், நாம் ஆட்டுவோம் என்பது திட்டம். பொம்மைக்கு உயிர் வந்துவிட்டது. சில வருடங்களில் அதிகாரத்தின் அதிகாரமும் போயிற்று, தலையும் போயிற்று. 1815இல் வெள்ளைக்காரன் வந்து பொம்மையையும் பிடித்து, பிறகு வேலூருக்கு ஏற்றிவிட்டான்.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. இந்த வட்டாரத்தில் பாரம்பரியம் என்று நெஞ்சை நிமிர்த்தும் எதைக் கிளறினாலும் அடியில் ஒரு கப்பல் டிக்கெட் கிடக்கும். பிலிமத்தலாவையில் இறங்கிக் கொஞ்சத் தூரம் போனால் கடலாதெனிய விகாரை. 1344இல் கருங்கல்லில் கட்டியது. கட்டிய தலைமைச் சிற்பியின் பெயர் கணேஸ்வராசாரி. பெயரைக் கேட்டதுமே அந்த ஆள் எந்தக் கரையில் இருந்து வந்திருப்பார் என்று தெரிந்துவிடும். கண்டிப் பிக்குமாரின் உபசம்பதா என்ற உயர் துறவேற்பு வழி அறுந்துபோனபோது, கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் சீயத்துக்குத் தூதனுப்பி 1753இல் உபாலி தேரரை அழைப்பித்தான். அவர்களை ஏற்றி வரக் கப்பல் கொடுத்தவன் ஒல்லாந்தன். தன் ஆட்சிக்குள் கத்தோலிக்கன் பூசை வைத்தால் பிடித்து அடைத்த அதே ஒல்லாந்தன், பௌத்த பிக்குமாருக்கு மாலுமியோடு கப்பல் விட்டான். கறுவா வியாபாரத்துக்கு எந்த மதம் இடைஞ்சல், எது இடைஞ்சலில்லை என்பதில் அவனுக்குத் தெளிவான கணக்கு இருந்தது.

இப்படிப்பட்ட மண்ணில் இருந்துகொண்டு டிசம்பர் வந்ததும் சிலர், “பாரம்பரியமான கரோல் ஆராதனை என்றால் இங்கிலாந்துக்குத்தான் போகவேண்டும்” என்று விசா விண்ணப்பத்தை எடுக்கிறார்கள். போகட்டும், நல்லது. ஆனால் நத்தார் பாட்டுக்கும் கடல் பயணத்துக்கும் இந்த மலைநாட்டில் இருக்கும் பழைய தொடர்பைத் தெரிந்துகொண்டு போனால், விமானத்தில் நேரம் போவதற்கு உதவும்.

இந்த வட்டாரத்தில் குடியிருந்த முதல் இங்கிலாந்துக்காரரில் ஒருவரிடமிருந்து தொடங்கலாம். ரொபர்ட் நொக்ஸ். கிழக்கிந்தியக் கம்பனியின் ‘ஆன்’ என்ற கப்பலில் தகப்பன் கப்டன், மகனும் கூட வந்தவன். 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்துக்கு அருகில் புயலில் பாய்மரம் போனது. மரம் மாற்றலாம் என்று கொட்டியாரக்குடாவுக்கு வந்தார்கள். 1660இல் இரண்டாம் ராஜசிங்கனின் ஆட்கள் வந்து, மிக மரியாதையாகப் பேசி, அப்பனையும் மகனையும் சேர்த்து 16 பேரைப் பிடித்துக்கொண்டு போனார்கள். ராஜசிங்கனுக்கு வெள்ளைக்காரரைச் சேகரிப்பதில் ஓர் ஆசை இருந்தது. சிலர் கிளி வளர்ப்பார்கள், அவன் ஐரோப்பியரை வளர்த்தான். சிறைக்கூடம் இல்லை, விலங்கு இல்லை. ஊருக்கு ஒருவராகப் பிரித்துவிட்டு, சோறு போடும் பொறுப்பை ஊர்க்காரர் தலையில் கட்டிவிட்டான். வீட்டுக்குப் போகத்தான் விடவில்லை.

பிடிபட்டபோது நொக்ஸுக்கு 19 வயது. அவன் வளர்ந்த இங்கிலாந்தைக் கொஞ்சம் பாருங்கள். 1647இல் பியூரிட்டன்கள் ஆண்ட பாராளுமன்றம் கிறிஸ்மஸையே தடை செய்திருந்தது. வேதத்தில் தேதி இல்லை, ஆகவே பண்டிகை இல்லை. டிசம்பர் 25 அன்று கடை திறக்கவேண்டும், வேலைக்குப் போகவேண்டும். கேன்டர்பரியில் கடையைத் திறக்கச் சொல்லி வந்த மேயருக்கே சனங்கள் அடி கொடுத்தார்கள். பிளம் புடிங்குக்காகக் கலகம் செய்த நாடு உலகத்தில் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். நொக்ஸ் பிறந்தது 1641. ஆக ஆறு வயதிலிருந்து, 1658 தொடக்கத்தில் கப்பலேறும் வரை, அவன் நாட்டில் நத்தார் சட்டவிரோதம். 1660இல் இரண்டாம் சார்ல்ஸ் அரசனாகத் திரும்பி வந்து தடை நீங்கிய அதே நேரம், இவன் கொட்டியாரத்தில் பிடிபட்டு மலையேறிக்கொண்டிருக்கிறான். ஊரில் பாட்டுச் சத்தம் கேட்கத் தொடங்கியபோது பையன் காட்டில். நேரம் என்றால் இப்படி அமையவேண்டும்.

தகப்பன் அடுத்த வருடமே காய்ச்சலில் இறந்துபோனார். கையில் இருந்தவை இரண்டே இரண்டு பக்திப் புத்தகங்கள், இரண்டும் மனப்பாடம். ஒருநாள் ஓடையில் மீன் பிடித்துக்கொண்டிருந்தபோது ஒரு கிழவர் அந்தப் பக்கமாக வந்து, “உங்கள் எசமானுக்கு வாசிக்கத் தெரியுமா?” என்று வேலைக்காரப் பையனிடம் கேட்டார். கையில் ஒரு புத்தகம். போர்த்துக்கேயர் கொழும்பை விட்டுப் போனபோது கிடைத்ததாம். பார்த்தால் ஆங்கில வேதாகமம். நொக்ஸுக்கு உலகமே சுற்றியது. கடைசியாக மிச்சமிருந்த பொற்காசைக் கொடுத்துவிடத் துடித்தான். பையன் புத்திசாலி. துடிப்பைக் காட்டினால் விலை ஏறும் என்று தெரிந்தவன். பின்னல் தொப்பி ஒன்றைக் கொடுத்து வேதாகமத்தை வாங்கிவிட்டார்கள். இலங்கைத் திருச்சபை வரலாற்றில் இவ்வளவு நல்ல பேரம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

தொப்பி பின்னுவதுதான் கைதிகளின் தொழில். எல்லா வெள்ளைக்காரரும் பின்னத் தொடங்கியதும் தொப்பி மலிந்து, விலை விழுந்தது. பிறகு நொக்ஸ் கோழி வளர்த்தான், பன்றி வளர்த்தான், நெல்லை 50 வீத வட்டிக்குக் கடன் கொடுத்தான். பக்திமான்தான், ஆனால் வட்டி வேறு பக்தி வேறு. அதில் சேர்த்த காசில், உடுநுவரைப் பகுதியில் எலதெத்த என்ற ஊரில் 25 லாரின் கொடுத்துத் துண்டுக்காணி வாங்கி வீடு கட்டினான். இன்றைக்குப் பிலிமத்தலாவைச் சந்தியில் நின்று ஆட்டோக்காரரிடம் எலதெத்த என்று சொன்னால் கொண்டுபோய் விடுவார். காணி இப்போது 25 லாரினுக்குக் கிடைக்காது.

1679இல், கிட்டத்தட்ட இருபது வருடத்துக்குப் பிறகு, தன் கூட்டாளி ஸ்டீவன் ரட்லண்டோடு வியாபாரி வேஷத்தில் வடக்கே நடந்து, மல்வத்து ஓயாவைப் பிடித்துக்கொண்டு அரிப்பில் ஒல்லாந்தர் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தான். பத்தாவியா சுற்றி லண்டன் போய் இறங்கியது 1680 செப்டம்பரில். அவன் எழுதிய புத்தகம் அடுத்த வருடம் அச்சேறியது, டேனியல் டீஃபோ வாசித்தார், ‘ரொபின்சன் குரூசோ’ பிறக்க அதுவும் ஒரு காரணம் என்கிறார்கள். எனக்கு அதில்கூட அவ்வளவு ஆர்வமில்லை. 1680 டிசம்பர்தான் முக்கியம். நினைவு தெரிந்த நாளிலிருந்து, தன் சொந்த நாட்டில் சட்டப்படி ஒரு நத்தாரை அந்த ஆள் பார்த்தது அப்போதுதான். வயது 39. அதற்காகக் கண்டியில் இருந்து ஓடவேண்டியிருந்தது.

நொக்ஸ் கண்டியை விட்டு ஓடிய பிறகு, கொஞ்சக் காலத்தில் இன்னொருவர் எதிர்த்திசையில் வந்தார். கோவாவைச் சேர்ந்த ஜோசப் வாஸ் அடிகள். ஒல்லாந்தர் ஆண்ட கரையோரத்தில் கத்தோலிக்கக் குருமாருக்கு இடமில்லை என்பதால், பிச்சைக்காரக் கோலத்தில் தூத்துக்குடியில் தோணியேறி 1687இல் யாழ்ப்பாணம் வந்தார். ஒளிந்து ஒளிந்து பூசை. 1680களின் கடைசியில் ஒரு நத்தார் இரவில், நள்ளிரவுப் பூசைக்காகச் சனம் கூடியிருந்த வீடுகளை ஒல்லாந்தர் சுற்றி வளைத்தார்கள். கூட்டத்தைப் பிடித்தார்கள், குரு மட்டும் அகப்படவில்லை. பிறகு அவர் புத்தளம் போனார், 1692இல் கண்டிக்கு வந்தார். கண்டியில் போர்த்துக்கேய ஒற்றன் என்று பிடித்து அடைத்தார்கள். அடைத்த இடத்தையே கோயிலாக்கிவிட்டார், அது வேறு கதை. கிறிஸ்தவர்களான ஒல்லாந்தருக்குப் பயந்து கத்தோலிக்கர் பௌத்த ராசாவின் நாட்டுக்கு ஓடி வந்து நத்தார் கொண்டாடினார்கள் என்றால், அந்தக் காலத்தில் ‘வெளிநாட்டுக்குப் போய் ஆராதனை பார்ப்பது’ என்பதற்குக் கண்டிதான் வெளிநாடு. 2015இல் பாப்பரசர் பிரான்சிஸ் காலிமுகத்திடலில் வைத்து ஜோசப் வாஸைப் புனிதராக்கினார். ஒற்றன் வழக்கு அதோடு தள்ளுபடியாகிவிட்டது என்று கொள்ளலாம்.

சரி, கரோல் ஆராதனைக்கு வருவோம். வெள்ளைக்காரன் தன்னோடு எல்லாவற்றையும் கொண்டுவந்தானே, இதையும் 1815இலேயே மூட்டையில் கட்டிக்கொண்டு வந்திருப்பான் என்றுதான் யாரும் நினைப்பார்கள். அப்போது மூட்டையில் அது இல்லை. அன்றைக்கு அப்படி ஒன்று இங்கிலாந்திலேயே இல்லை. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரையில் தேயிலை நட்டார். அதே வருடம் கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில் வந்தது. அந்த ரயில் பிலிமத்தலாவையைக் கடந்து போனபோதுகூட, இன்று உலகமே பழைமையான ஆங்கிலேய மரபு என்று கண்கலங்கும் ஒன்பது பாடங்களும் கரோல்களும் பிறந்திருக்கவில்லை. பிறக்க இன்னும் 13 வருடம் இருந்தது. நாம் குடிக்கும் பிளேன்டிக்கு அதைவிட வயது அதிகம்.

பிறந்த இடமும் ஒன்றும் மாளிகையல்ல. இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் கோர்ன்வோல். அங்கே ட்ரூரோ என்ற ஊருக்குப் புதிதாக ஒரு பேராயரை நியமித்தார்கள். எட்வர்ட் வைட் பென்சன். பேராயர் வந்துவிட்டார், பேராலயம் வரவில்லை. இருந்த பழைய கோயிலில் பெரும்பகுதியை இடித்தாயிற்று, புதிதுக்கு அத்திவாரம் போட்டாயிற்று. இடைக்காலத்துக்கு ஒரு மரக்கொட்டகை. கட்டட வேலை நடக்கும் வளவில் சிமெந்து மூட்டை நனையாமல் அடிப்போமே, அந்த வகை. 1880 டிசம்பர் 24 இரவு 10 மணிக்கு அந்தக் கொட்டகைக்குள்தான் முதலாவது ஆராதனை.

எதற்காக இரவு 10 மணி? ஊர் ஆண்களைச் சாராயக்கடையில் இருந்து இழுப்பதற்காக என்று ஒரு கதை பரவலாக உண்டு. வீடு வீடாகப் போய்ப் பாடியவர்களைக் கோயிலுக்குள் கொண்டுவர ஓர் இளம் குருவானவர் யோசனை சொன்னார் என்பது இன்னொரு பக்கம். நம் ஊரில் கரோல் கோஷ்டியில் போன அனுபவமுள்ளவர்களுக்கு இரண்டுமே ஒன்றுதான் என்று புரியும். லொறியில் ஏறி வீடு வீடாகப் போகும் கோஷ்டியில், ஏழாவது வீட்டுக்குப் பிறகு ஆண் குரல்கள் ஏன் திடீரென்று உற்சாகமாகின்றன என்று ஞாயிறு பாடசாலை டீச்சர்மார் கேட்பதில்லை.

பென்சன் செய்த புத்தியான வேலை, பாடம் வாசிக்கிறவர்களின் வரிசை. முதற்பாடம் பாடகர் குழுவின் சின்னப் பையன். அப்படியே படிப்படியாக உயர்ந்து, ஒன்பதாவது பாடம் பேராயர். கண்டிக்காரனுக்கு இதைப் பார்த்தால் ஆச்சரியமே வராது. பெரஹெராவில் முன்னால் வருவது சாட்டை அடிக்கிறவர்கள், தலதா மாளிகை ஊர்வலத்தின் பின்பகுதியில் எல்லாரும் எதிர்பார்த்திருக்கத் தியவடன நிலமே வருவார். பெரியவர் கடைசியில்தான் வரவேண்டும், இல்லாவிட்டால் சனம் பாதியில் எழும்பிப் போய்விடும். இந்த நிர்வாக ரகசியம் கோர்ன்வோலுக்கும் தெரிந்திருக்கிறது.

இதே பென்சன் பின்னர் கேன்டர்பரிப் பேராயரானார். ஒரு மாலையில் எழுத்தாளர் ஹென்றி ஜேம்ஸுக்குப் பேய்க்கதை ஒன்று சொன்னார். அதை வைத்து ஜேம்ஸ் ‘த டர்ன் ஒப் த ஸ்க்ரூ’ எழுதினார். உலகத்துக்கு நத்தார் ஆராதனையையும் நடுங்க வைக்கும் பேய்க்கதையையும் கொடுத்த ஒரே பேராயர் இவராகத்தான் இருக்கவேண்டும். இரண்டையும் மெழுகுதிரி வெளிச்சத்தில்தான் அனுபவிக்கவேண்டும் என்பது கவனிக்கத்தக்கது.

கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி இதில் நுழைந்தது 1918இல். எரிக் மில்னர்-வைட் என்ற இளம் டீன், முதலாம் உலகப்போரில் படைக் குருவாக இருந்துவிட்டு வந்தவர். போர் முடிந்து ஆறு வாரந்தான் ஆகியிருந்தது. பழைய வழிபாட்டு முறைகள் அகழிகளில் இருந்து திரும்பியவர்களின் காதில் ஏறாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ட்ரூரோக்காரர் செய்ததை எடுத்து, அழகான முன்ஜெபம் ஒன்று எழுதிச் சேர்த்து, ஆறாம் ஹென்றி தொடக்கி வைத்த அந்தப் பிரமாண்டமான கல் ஆலயத்துக்குள் நடத்தினார். அடுத்த வருடமே ஒழுங்கை மாற்றினார். தொடக்கப் பாட்டு ‘வன்ஸ் இன் ரோயல் டேவிட்ஸ் சிற்றி’ என்று ஆனது 1919இல். ஒரு வருடம் வயதான மரபுக்குள் முதலாவது திருத்தச் சட்டம்! அந்தத் திருத்தம்தான் இன்று, “நூறு வருடமாக மாறாமல்…” என்று தழுதழுத்த குரலில் சொல்லப்படுவது. பாட்டின் முதல் சரணத்தைத் தனியாகப் பாடும் பையன் யார் என்று கடைசி நொடி வரை யாருக்கும் தெரியாது. நடத்துநர் விரலை நீட்டுவார், அவன் பாடுவான். வயிற்றைக் கலக்க நேரமில்லாமல் செய்துவிடும் நல்ல தந்திரம்.

1928இல் பிபிசி அதை ஒலிபரப்பியது. அதோடு அது கோயிலின் சொத்தாக இல்லாமல் போயிற்று. போகப்போக, சாம்ராச்சியம் முழுவதும், தேயிலைத் தோட்ட பங்களா உட்பட, வானொலிப் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்தது. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் ஜெர்மன்காரன் குண்டு போடுவான் என்று ஆலயத்தின் பழைய வண்ணக் கண்ணாடிகளைக் கழற்றி ஒளித்துவைத்தார்கள். ஒலிபரப்பில் எந்த ஆலயம் என்றும் சொல்லவில்லை. பாட்டைக் கேட்ட உலகம் முழுவதற்கும் அது எந்த இடம் என்று தெரியும், ஹிட்லருக்கு மட்டும் தெரியாது என்பது ஏற்பாடு.

இங்கேதான் எங்கள் மாமா கதைக்குள் வருகிறார். மகள் இங்கிலாந்தில். வங்கியில் இருந்து ஓய்வு பெற்ற நாள்முதல் மாமா ஒரே பேச்சு. “தம்பி, நாம இங்க பாடுறதெல்லாம் கொப்பி. ஒரிஜினல் பார்க்கணும்னா கேம்பிரிட்ஜுக்கே போகணும்.” போனார். அந்தக் காலத்தில் டிக்கெட் கிடையாது, வரிசைதான். ஆராதனை பிற்பகல் 3 மணிக்கு. விடியும் முன்பே ஆட்கள் கம்பளியும் மடக்குக் கதிரையுமாக நிற்பார்கள். மாமா இரண்டு ஸ்வெட்டருக்கு மேல் ஒரு கோட்டு, கோட்டுப் பைக்குள் மகள் கட்டிக்கொடுத்த இடியப்பப் பார்சல். கண்டியில் மண்ணெண்ணெய் வரிசை, காஸ் வரிசை எல்லாம் பார்த்த மனுசன் என்பதால் வரிசை அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. முன்னால் நின்றவருக்குப் பின்னால் நின்றவர் இடம் பிடித்துக் கொடுக்கும் நாகரிகம் அவருக்குப் பிடித்துப்போயிற்று. நம் ஊரில் செருப்பைக் கழற்றி வைத்தால் போதும் என்று பக்கத்தில் நின்ற ஸ்கொட்லாந்துக்காரருக்கு விளக்கியிருக்கிறார்.

உள்ளே போனார்கள். ஆலயத்தின் நடுவில் ஒரு பெரிய மரத்தடுப்பு. எட்டாம் ஹென்றி செய்துகொடுத்தது. தடுப்புக்கு அப்பால் பாடகர் குழு, மேன்மக்கள், மெழுகுதிரிகள். இப்பால் முன்மண்டபம், அதில் மாமா. பாட்டு வானத்தில் இருந்து இறங்குவதுபோலக் கேட்டதாம். பார்ப்பதற்கு மட்டும் எதுவுமில்லை. ஒன்றரை மணிநேரம் மாமா அந்தத் தடுப்பின் சிற்பவேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் ஹென்றியின் பெயரெழுத்தும், அவன் காதலித்துக் கட்டிப் பின்னால் தலையை வெட்டச் சொன்ன ஆன் பொலினின் பெயரெழுத்தும் சேர்த்துப் பின்னியிருக்கும். தடுப்பு முடிகிற நேரத்தில் அந்த அம்மாவின் கதையும் முடிந்துவிட்டது. சமாதானப் பிரபுவின் பிறப்பைப் பாடும் இடத்தில் இப்படி ஒரு திருமண நினைவுச்சின்னம்.

அதே நேரம் பிலிமத்தலாவையில் இரவு 8.30. மாமி காலை நீட்டி உட்கார்ந்து, இஞ்சி போட்ட பிளேன்டியும் நத்தார் கேக்கும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முழு ஆராதனையையும் நேரலையில் கேட்டுவிட்டார். பிறகு தொலைபேசியில் பேச்சு.

“எல்லாம் நல்லாக் கேட்டுச்சு. அந்தப் பொடியன் என்னமா பாடுனான்! நீங்க பார்த்தீங்களா அவன?”

“பார்க்கல்ல.”

“அப்ப என்னத்தப் பார்த்தீங்க?”

“பலகை.”

மாமி சிரித்ததை மாமா இன்றைக்கும் மன்னிக்கவில்லை. ட்ரூரோவில் முதலாவது ஆராதனையே பலகைக்குள்தான் நடந்தது, ஆகவே நீங்கள் பார்த்ததுதான் அசல் என்று நான் ஆறுதல் சொல்லிப் பார்த்தேன். முறைத்தார்.

இனி, கண்டிக்கு அந்த ஆராதனை எப்படி வந்து உட்கார்ந்தது என்பது. திரித்துவக் கல்லூரிக்கு 1904 முதல் இருபது வருடம் அதிபராக இருந்தவர் ஏ. ஜி. ஃப்ரேசர். இங்கே படிக்கும் பிள்ளைக்குத் தன் சொந்த மொழியும் ஊரும் அந்நியமாகிவிடக்கூடாது என்று பிடிவாதம் பிடித்தவர், பிறப்பால் ஸ்கொட்லாந்துக்காரர். ஆலயம் கட்டும் யோசனை வந்தபோது, கூரான கோபுரமும் இருட்டும் குளிருமாக இங்கிலாந்தை இறக்குமதி செய்யவில்லை. எல். ஜே. காஸ்டர் வரைந்த திட்டம் கண்டி ராசாவின் சபாமண்டபம் போல இருந்தது. செதுக்கிய கருங்கல் தூண்கள், சரிந்த ஓட்டுக்கூரை, சுற்றிவர சுவரில்லை. 1923இல் அத்திவாரம், 1935இல் பிரதிஷ்டை. ட்ரூரோக் கொட்டகையை ஒரு பருவத்துக்குள் எழுப்பிவிட்டார்கள், இங்கே 12 வருடம். கல் கொத்துகிறவரை அவசரப்படுத்தினால் பலன் இல்லை என்பது கடலாதெனிய விகாரையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். உள்ளே டேவிட் பெயின்டர் தீட்டிய சுவரோவியங்கள். சிலுவையில் தொங்கும் இயேசுவுக்குத் தாடி இல்லை. அதைப் பார்த்து முகம் சுளித்தவர்கள், தாடியோடு எந்தப் புகைப்படத்தில் பார்த்தார்கள் என்று சொல்லவில்லை.

அந்தச் சபாமண்டபத்துக்குள் டிசம்பரில் பனிப் பாட்டுப் பாடுவோம். ‘இன் த ப்ளீக் மிட்வின்டர்’ பாடும்போது கூரைக்கு அப்பால் மாமரமும் பலாமரமும். நத்தார் மரம் மலையிலிருந்து வரும் சைப்பிரஸ், அதன் மேல் பஞ்சுப் பனி. பெத்லகேம் நகரத்து மாட்டுத்தொழுவத்தில் பனி எத்தனை அங்குலம் கிடந்தது என்று நாமும் கேட்கவில்லை, வெள்ளைக்காரனும் கேட்கவில்லை. ஆசைப்பட்டுப் பாடும்போது வானிலை அறிக்கை எதற்கு? தஞ்சாவூர் வேதநாயக சாஸ்திரியாரின் கீர்த்தனைகளையும் தோட்டத்துக்குத் தொழிலுக்கு வந்தவர்கள் இதே மாதிரித்தான் கொண்டுவந்தார்கள். தப்பும் தாளமுமாக லயத்துக் காம்பிராவில் பாடிய அந்தப் பாட்டும் ஒரு கடல் தாண்டிய பாட்டுதான். அவர்களிடம் யாரும் விசா கேட்கவில்லை, திரும்பிப் போகும்போது மட்டும் நிறையக் கேட்டார்கள்.

பிலிமத்தலாவை இறையியல் கல்லூரியின் கதையும் இந்த வரிசையில்தான் வரும். மெதடிஸ்த, அங்கிலிக்கன், பப்திஸ்த சபைகள் சேர்ந்து, போதகர்மாரைச் சிங்களத்திலும் தமிழிலும் இந்த மண்ணிலேயே பயிற்றுவிக்கவேண்டும் என்று 1963இல் ஆரம்பித்தார்கள். வெளிநாட்டை நம்பியிருக்கக்கூடாது என்பதுதான் எண்ணம். பட்டம் வருவது மட்டும் வங்காளத்தின் செராம்பூரில் இருந்து. செராம்பூருக்குப் பட்டம் கொடுக்கும் உரிமை வந்தது 1827இல் டென்மார்க் ராசா எழுதிக்கொடுத்த சாசனத்தில் இருந்து. ஆக, பித்தளைக் கடைகளுக்குப் பக்கத்தில் தமிழில் படித்துப் பாஸாகும் பிள்ளையின் சான்றிதழை ஒரு கொப்பன்ஹேகன் ராசா மேலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார். பிலிமத்தலாவை அதிகாரம் இருந்திருந்தால் மனம் குளிர்ந்திருப்பார். ஆள் இறக்குமதி நிற்கவில்லை.

இப்போது போக்குவரத்து இரு பக்கமும். டிசம்பர் வந்தால் மெல்பேர்னில் இருந்தும் லண்டனில் இருந்தும் பழைய மாணவர்கள் கண்டிக்கு வந்து இறங்குகிறார்கள். ஹோட்டலில் அறை எடுத்து, கல்லூரிக் கழுத்துப்பட்டி கட்டி, “பாரம்பரியமான கரோல் ஆராதனை என்றால் திரித்துவ ஆலயத்தில்தான்” என்கிறார்கள். போன முறை அப்படி ஒரு கனவானுக்குப் பக்கத்தில் மாமா அமர்ந்திருந்தார். வடகீழ்ப் பருவமழை சாரலடித்தது. சுவர் இல்லாத ஆலயம், பின்வரிசைக்கு முதுகு நனைந்தது. கனவான் தன் விலையுயர்ந்த கோட்டைத் துடைத்துக்கொண்டே, “ஒரு பக்கமாவது அடைச்சிருக்கலாம், அங்கிள்” என்றார்.

மாமா குடையை விரித்துத் தன் பக்கம் மட்டும் சாய்த்துக்கொண்டார். “வேணாம் தம்பி. நான் அடைச்ச இடத்துல இருந்து பார்த்தவன்.”